ரத்தம் எடுத்தவர் யார், சோதனையை ஓட்டியவர் யார்? லேப் டெக்னீசியன்களின் பதிவு பற்றி

கடலோரத்தான் (தங்கச்சிமடம்):
வணக்கம். இரண்டு வருடம் முறையாக டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீசியன் டிப்ளமோ) படித்துவிட்டு 11 வருடமாகத் தனியார் லேபில் இருக்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கலெக்‌ஷன் சென்டரில் காலை 6 மணிக்குச் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து போட்ட சாம்பல் மூடி டியூபில் எடுக்க வேண்டியதைச் சிவப்பு மூடியில் எடுத்து, ஐஸ் இல்லாத பையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, என் மேசைக்கு வந்தபோது மணி பத்தரை. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், இந்த வெயிலில் கேட்கவே வேண்டாம். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். "ஓட்டி அனுப்பு, ஆள் கடலுக்குப் போயாச்சு" என்றார்கள். எடுத்த பையன் ஆறு மாத சர்டிபிகேட் படித்தவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு யாருமே சொல்லித் தரவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் வெளியூர் டாக்டர் ஒருவரின் ஸ்கேன் செய்த கையெழுத்து இருக்கும், அவர் எங்கள் லேபுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. 2021-ல் லேப் டெக்னீசியன் போன்றவர்களைப் பதிவு செய்ய மத்திய சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே, அது என்னைப் போன்றவனுக்கு என்ன செய்யும்?

பரமக்குடிக்காரன்:
தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் இருந்து ஓய்வு பெற்றவன். நர்ஸ்களுக்கு நம் மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்தது, பார்மசிஸ்டுகளுக்கு 1948-ல். நமக்கு நாடு முழுவதற்குமான சட்டம் என்று வந்தது 2021-ல்தான், அதன் அட்டவணையில் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகத் துறை. டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது, ஆறு மாத சர்டிபிகேட் அதில் எங்கே நிற்கும்? ஆறு மாதத்துக்குள் பதிவு செய்யும் மாநில கவுன்சில் அமைய வேண்டும் என்றும் இருந்தது, மாநிலங்கள் இழுத்தடித்து, கடைசியில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அக்டோபர் வரை கெடு வைத்தது.

உனக்கு என்ன பயன் என்றால், பதிவு இருக்கிறவன் "இதை ஓட்டினால் என் பதிவு போய்விடும்" என்று முதலாளியிடம் சொல்லலாம். இன்று உன்னிடம் போவதற்குச் சம்பளம் மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் மிரட்டுகிறார்கள்.

ராம்நாடு லேப்:
நான் சின்ன லேப் நடத்துகிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனை, லேப்களைப் பதிவு செய்யும் 1997 சட்டம் இருக்கிறது, அதன் விதிகள் 2018-ல்தான் வந்தன. ஜே.டி. (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசில் பதிய இடம், கழிவு ஒப்பந்தம் என்று எல்லாம் காட்டினேன், சரி, அது தேவைதான். ஆனால் அது கட்டடத்துக்கான பதிவு, உள்ளே ஊசி பிடிக்கிற ஆளுக்கென்று தனிப் பதிவு எண் அதில் கிடையாது. ரிப்போர்ட்டில் பேத்தாலஜி (நோய்க்குறியியல்) மேற்படிப்பு படித்த டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாயல்குடியிலும் தொண்டியிலும் அப்படி ஒருவரை நான் எங்கே தேடுவேன்? அந்தத் தட்டுப்பாட்டில்தான் கையெழுத்து வாடகைக்குப் போகிறது. மத்திய அரசு தன் விதியில் லேப்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது, நம் மாநிலம் தன் சொந்தச் சட்டத்தில் நடப்பதால் அது இங்கே பொருந்தாது. இங்கேயும் அப்படிப் பிரித்து, சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர் போன்ற சாதாரணச் சோதனைகளுக்குப் பதிவு பெற்ற டெக்னீசியனே பெயர் போட்டுப் பொறுப்பேற்கட்டும், திசு, எலும்பு மஜ்ஜை எல்லாம் பேத்தாலஜிஸ்டிடம் போகட்டும்.

பரமக்குடிக்காரன்:
பாதிதான் ஒப்புக்கொள்வேன். பொறுப்பைக் கொடுக்கும் முன் தினமும் காலையில் கன்ட்ரோல் (மெஷினைச் சரிபார்க்க, அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டி எழுதி வைக்கிறார்களா என்று பார்க்க ஆள் வரவேண்டும். லேபின் தரத்துக்குக் கொடுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் விருப்பப்பட்டவர்கள் வாங்குவது, சின்ன லேப் அந்தப் பக்கமே போகாது.

பெரியபட்டினம் மகள்:
எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது அண்ணன்களே. அம்மாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வந்தது. இதயம் நின்றுவிடலாம் என்று சொன்னதும் என் தோட்டை அடகு வைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்து மதுரை போனோம். அங்கே புதிதாக எடுத்துப் பார்த்தால் 4.3, சாதாரண அளவுதான். முதலில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருக்கும், அப்படி உடைந்தால் பொட்டாசியம் கூடுதலாகத்தான் காட்டும் என்றார்கள். வழியெல்லாம் அம்மா என் கையை விடவே இல்லை. திரும்பி வந்து யார் எடுத்தது என்று கேட்டால், அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். ரிப்போர்ட்டில் டாக்டர் பெயர் இருக்கிறது, எடுத்தவர் பெயரும் இல்லை, ஓட்டியவர் பெயரும் இல்லை. அப்புறம் நான் யாரிடம் போய்க் கேட்பது?

கடலோரத்தான்:
அக்கா, அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்கள்தானே? நீங்கள் சொன்னது இரண்டு நாளாக மனதிலேயே நிற்கிறது. ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், ஓட்டியவர் பெயர், பதிவு எண், இந்த நான்கும் கட்டாயம் வேண்டும், அனுபவம் உள்ள பழைய ஆட்களுக்குத் தேர்வு வைத்துப் பதிவு கொடுக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். ராம்நாடு லேப் அண்ணன், நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், முதலாளி ஒருவர் பெயர் இருந்தால் படிப்பார்கள். அதுவரை என் மேசைக்கு வரும் ஒவ்வொரு டியூபின் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன்.