டெக்சாஸில் சைனிங் ஏஜென்ட் வேலை: முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தரும் நோட்டரி வேலையை (சைனிங் ஏஜென்ட்) தொடங்குகிறேன். நோட்டரி கமிஷன் (மாநில அரசு தரும் நியமனம்), பின்னணிச் சோதனை, ஈ அண்ட் ஓ காப்பீடு (வேலையில் நேரும் பிழைகளுக்கானது), லெட்டர், லீகல் இரண்டு தாளும் எடுக்கும் டூயல் ட்ரே லேசர் பிரின்டர் எல்லாம் தயார். சைனிங் சர்வீஸ் என்ற இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் வரும் வேலையில் நூறு பக்கத்துக்கு மேல் இரண்டு செட் அச்சடித்து, கையெழுத்தான தாள்களை ஸ்கேன் செய்தும் (ஸ்கேன்பேக்) அனுப்பினால் கையில் நிற்பது கொஞ்சம்தான். அதனால் வீட்டு விற்பனை, கடன் பத்திரங்களை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனிகளில் அந்த வேலையைக் கவனிக்கும் எஸ்க்ரோ ஆஃபீஸர்களை நேரில் பார்க்க எண்ணம். மாதக் கடைசியில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. மாத நடுவில் போனால் பேசுவார்களா? இங்கே ஹோம் ஈக்விட்டி கடனுக்கு (சொந்த வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து வாங்குவது) வீட்டில் கையெழுத்து வாங்க முடியாது. அதனால் வீடு விற்பவர் தரப்புக் கையெழுத்தை முதலில் கேட்பது சரியா?

மருத்துவமனையில் பவர் ஆஃப் அட்டர்னி வேலை செய்பவர்களே, முதல் கையெழுத்துக்கு 10 டாலர்தான் வாங்கலாம். பயணக் கட்டணத்தை ஃபோனிலேயே பேசி முடிக்கிறீர்களா? நோயாளி மயக்க மருந்தில் இருந்து கையெழுத்து வாங்க முடியாமல் போனால், போய் வந்த செலவுக்கு என்ன வாங்குவீர்கள்?