டர்ன்டேபிள் பவர் சப்ளையைச் சூடேற்ற வேண்டுமா, ஓட்டிப் பழக்க வேண்டுமா? உங்கள் அனுபவம்

ரீகா ரசிகன்:
என் ரீகா பிளானார் 3 டர்ன்டேபிளுக்கு, அதன் மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் நியோ பவர் சப்ளை புதிதாக வாங்கினேன். நிமிடத்துக்கு 33 சுற்றிலிருந்து 45க்குப் போக இனிமேல் தட்டைத் தூக்கி பெல்ட்டை மாற்றிப் போட வேண்டியதில்லை, பட்டனை அழுத்தினால் போதும். அந்தச் சௌகரியத்துக்கே கொடுத்த காசு சரி. ஆனால் கடைக்காரர் பெட்டியோடு இரண்டு கட்டளையும் சேர்த்துக் கொடுத்தார். 200 மணி நேரம் ஓடினால்தான் இதன் குணம் தெரியுமாம். அப்புறம், ஸ்விட்சை ஒருபோதும் அணைக்கக் கூடாதாம். ஒரு நாளைக்கு இரண்டு எல்பி ரெக்கார்டு கேட்கிற ஆள் நான். 200 மணி நேரம் ஆக நாலு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடுவோ ஒரு மாதம்தான்! யாராவது இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டிருக்கிறீர்களா?

வீணை டீச்சர்:
எனக்குக் கரண்டு தெரியாது, சுருதி தெரியும். நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். டிசம்பர் காலையில் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் வேண்டும். என்னிடம் இருப்பது டிசி மோட்டார் பெல்ட்டால் தட்டைச் சுற்றுகிற பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள். காலையில் போடுகிற முதல் தட்டு கொஞ்சம் இறங்கி ஒலிக்கிறது என்று ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒருநாள் எலக்ட்ரானிக் தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெக்கார்டில் தம்புரா மட்டும் கேட்கிற இடம் பார்த்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டு அதே இடத்தில் மறுபடி முள்ளை வைத்தால் இரண்டும் ஒட்டவில்லை, ஒன்றே முக்கால் வினாடிக்கு ஒரு தடவை ஒலி கூடிக் குறைகிற அலை கேட்கிறது. ரெக்கார்டு ஏறியிருக்கிறது. அதற்கப்புறம் அசையவில்லை. வெயில் வந்த மத்தியானத்தில் முதல் தட்டே சரியாக நிற்கிறது. என் மாணவிகளில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் கேட்கவில்லை, அது வேறு கவலை.

சால்டரிங் தாத்தா:
டீச்சர் செய்தது நல்ல சோதனை. ஸட்ஜம் 200 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது வினாடிக்கு 200 அதிர்வு, இருந்தால் அந்த அலை 0.6 ஹெர்ட்ஸ், அதாவது 0.3 சதவீதம். அரை கட்டையில் இருபதில் ஒரு பங்கு. பயிற்சி உள்ள காது பிடித்துவிடும்.

ஆனால் அங்கே சூடானது எது என்று பார்க்க வேண்டும். குளிரில் தட்டின் நடு அச்சு சுழலும் ஸ்பிண்டில் பேரிங்கில் இருக்கும் எண்ணெய் கெட்டியாகிறது, மோட்டாருக்குள் இருக்கிற எண்ணெயும்தான். வேகத்தைத் திரும்ப அளந்து பார்க்காத டிசி மோட்டார் அந்தப் பாரத்தில் கொஞ்சம் தளர்கிறது. ஓடி ஓடி இளகியதும் வேகம் ஏறிவிடுகிறது. பவர் சப்ளைக்கு இதில் பெரிய பங்கு இல்லை.

ரீகா தம்பியின் கதை வேறு. அவருடையது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். வருகிற கரண்டின் ஹெர்ட்ஸ் எவ்வளவோ அந்த வேகத்தில்தான் சுழலும். நியோ அந்த ஹெர்ட்ஸைத் தனக்குள் சீராக அதிரும் கிரிஸ்டலை வைத்து உருவாக்குகிறது. கிரிஸ்டல் சூட்டில் நகரும்தான், ஆனால் எவ்வளவு? பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 33⅓ சுற்றில் அது 0.0017 சுற்று. டீச்சர் கேட்ட வித்தியாசத்தில் அறுபதில் ஒரு பங்கு. இதைக் கேட்கிற காது எந்த ஊரிலும் இல்லை.

உண்மையிலேயே சூடேற வேண்டிய டர்ன்டேபிள்களும் உண்டு. 1954இல் வந்த கரார்ட் 301, 1957இல் வந்த தோரன்ஸ் டிடி 124 இரண்டும் இண்டக்ஷன் மோட்டார் வைத்தவை. அது சிங்க்ரனஸ் மாதிரி ஹெர்ட்ஸோடு அப்படியே ஒட்டி ஓடாது. மோட்டார் சூடு, எண்ணெய், வோல்டேஜ் எல்லாமே அதன் வேகத்தில் தெரியும். அதனால்தான் வேகத்தைச் சிறிதளவு கூட்டிக் குறைக்கக் குமிழ் வைத்தார்கள். என் 301ஐ முள் வைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம்தான் குமிழைத் தொடுவேன். காபி போடுகிற நேரம் போதும், 200 மணி நேரமெல்லாம் வேண்டாம்.

டொராண்டோ தம்பி:
சூடேறுற கதை எண்டால் என்னட்டை ஒண்டு இருக்கு. கனடாவில் வாங்கின பெல்ட் டிரைவ் ஒன்றை யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே 230 வோல்ட், கனடாவில் 120. அதற்காக நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வாங்கிப் பூட்டினேன். மாமாவின் பழைய நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டால், நாதஸ்வரம் மூக்கடைத்தவர் மாதிரி இழுக்குது. மாமா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "புது மிசின் தம்பி, சூடாகட்டும், இரு" எண்டார். இருந்தோம். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது, அயலட்டையில் இருந்து ரெண்டு பேர் வந்து தலையாட்டிவிட்டும் போனார்கள். நாதஸ்வரம் அப்படியேதான் கிடந்தது.

விஷயம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50இல் ஓடினால் 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுத்தான். ஐந்து கட்டையில் வாசித்தது மூன்று கட்டைக்கு வந்துவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) ஒன்றைத் தேடி எடுத்துப் போட்ட பிறகு எல்லாம் சரி. மாமா இன்றைக்கும் மிசின் சூடாகித்தான் சரிவந்தது என்று ஊரெல்லாம் சொல்லுறார்.

மதுரை எல்பி:
டொராண்டோ தம்பிக்கு நடந்தது ஒரே அடியில் நடந்தது. எங்களுக்கு அதுவே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. 90களில் தென்னிந்திய மின்தொகுப்பில் 50 ஹெர்ட்ஸ் நிலையாக நிற்காது. லோடு ஏறுகிற சாயங்காலத்தில் 48 பக்கம் இறங்கும். 48 என்றால் 4 சதவீதம் குறைவு, தட்டு 32 சுற்றில் ஓடும், சுருதி அரை கட்டைக்கு நெருக்கமாக இறங்கிவிடும். ராத்திரி லோடு குறைந்ததும் தானாக ஏறும். என்னிடம் இருந்தது நேராக மெயின்ஸில் ஓடுகிற சிங்க்ரனஸ் மோட்டார். சாயங்காலம் போட்டு ராத்திரி வரை கேட்கிறவர்கள், "பார்த்தீர்களா, மெஷின் சூடானதும் எப்படிப் பாடுகிறது" என்பார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர்.

இதில் பெரிய வேடிக்கை ஸ்ட்ரோப் அட்டை, தட்டின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் வேகம் பார்க்கும் கோடு போட்ட அட்டை. 50 ஹெர்ட்ஸ் விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும், அதனால் 33⅓க்கு அட்டையில் 180 கோடு. கோடுகள் நின்றால் வேகம் சரி என்பது விதி. ஆனால் விளக்கும் அதே மெயின்ஸில் எரிகிறதே! 48க்கு இறங்கினால் விளக்கும் மோட்டாரும் சேர்ந்தே இறங்கும். கோடுகள் சமர்த்தாக நிற்கும், பாட்டு மட்டும் இறங்கியிருக்கும். ஸ்ட்ரோப்பைச் சரிபார்க்கக் கடைசியில் ஹார்மோனியத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்.

2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலத் தொகுப்பை நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் 49.90க்கும் 50.05க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் தனி பவர் சப்ளை எனக்கு இன்று அவ்வளவு அவசரமாகத் தெரியவில்லை. 2012 மின்வெட்டின்போது அவசரமாகத் தெரிந்தது. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டால் மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கரிலும் வரும்.

இரவு ராகம்:
எல்லாரும் வேகத்தையே பேசுகிறீர்கள். நான் சொல்வது வேறு. என் பவர் சப்ளை வந்த புதிதில் மிருதங்கத்தின் தொப்பி வாசிப்பு தொளதொளவென்று இருந்தது. சில வாரம் அணைக்காமலே வைத்தேன், இறுகிவிட்டது. எனக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். கணக்கில் வராததெல்லாம் பொய்யா?

சால்டரிங் தாத்தா:
பொய் என்று சொல்ல மாட்டேன் ராகம் சார், கேட்டது உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் சில வாரத்தில் வேறு என்னென்ன மாறியது என்று பார்ப்போம். புது பெல்ட் போட்டீர்களா? முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் புதிதா? கார்ட்ரிட்ஜுக்குள் முள்ளைத் தாங்குகிற ரப்பர் ஓட ஓட இளகும், அதற்குப் பழகுகிற காலம் நிஜமாகவே உண்டு. குளிரிலும் அது விறைக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க அணைத்து வைத்து, காலையில் முதலில் வேறொரு ரெக்கார்டைப் பழைய அடாப்டரில் ஓட்டுங்கள். மோட்டார், எண்ணெய், முள் எல்லாம் தயாராகிவிடும். அப்புறம் குளிர்ந்து கிடக்கிற பவர் சப்ளையை மாட்டி அந்த மிருதங்கத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். அதைச் சூடேறவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவுக்கும் பெயரை வீட்டில் வேறு யாராவது வைக்கட்டும், எது எது என்று தெரியாமல் நீங்கள் கேளுங்கள்.

எப்போதும் ஆன் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பவர் சப்ளைக்குள் கரண்டைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். 80களின் ஒரு போர்டு என்னிடம் ரிப்பேருக்கு வந்தது, வருஷக்கணக்கில் அணைக்காமல் வைத்திருந்தார்களாம். ரெசிஸ்டர்களுக்கு அடியில் போர்டு காபிக் கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது, பக்கத்துக் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. பரணில் பத்து வருஷம் தூங்கிய பவர் சப்ளைக்கு மட்டும் ரீகா தம்பியின் கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை ஒட்டும். சும்மா கிடந்தால் கெப்பாசிட்டருக்குள் ஆக்ஸைடு படலம் மெலிந்து கரண்டு கசியும். வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுத்தால் படலம் மறுபடி கட்டும். புதுப் பெட்டிக்கு அந்த வேலை இல்லை.

ரீகா ரசிகன்:
அப்படியானால் கெடு முடிவதற்குள் எதைப் பார்ப்பது? வேகம் அளக்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் ரெக்கார்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஃபோனில் அந்த ஒலியை அளந்து பார்த்தால் எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறதே.

சால்டரிங் தாத்தா:
அந்த ஆட்டம் ரெக்கார்டின் நடு ஓட்டையால் வருவது. ஓட்டை 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் 1 சதவீதம் ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி, அந்தத் தாளத்தில் ஆடினால் பவர் சப்ளையைத் திட்டாதீர்கள். ஒரு நிமிடத்துக்குச் சராசரி எடுங்கள். போட்டவுடன் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று. நியோவில் வேகத்தைத் திருத்தும் வசதி இருக்கிறது, சராசரி தள்ளியிருந்தால் அதில் சரிசெய்துவிடலாம். எண்ணை இங்கே போடுங்கள் தம்பி. டீச்சரும் அவருடைய டிசி மோட்டாருக்கு அதே ரெக்கார்டில் அளந்து போட்டால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வீணை டீச்சர்:
ரெக்கார்டை யார் அனுப்புகிறீர்கள்?