புதுப்பிப்பு: மெய்யழகன் பற்றிச் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்

2024 செப்டம்பரில் படம் வந்த வாரமே, "மெய்யழகன் ஒரே இழுவை, அரை மணி நேரத்தை வெட்டி எறியலாம்" என்று எழுதியிருந்தேன். பலர் திட்டினீர்கள். வெளியான சில நாளில் படக்குழுவே சுமார் 18 நிமிடத்தை வெட்டியது. (கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது நானில்லை!)

வெட்டிய பிறகு மிஞ்சிய படத்தை அப்பாவோடு போய்ப் பார்த்தேன். ஓட்டம் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் ஜல்லிக்கட்டுக் காளை கதையைக் காணோம். முதல் தடவை நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்த இடம் அது, இப்போது தேடுகிறேன். படத்தில் கார்த்தி விடிய விடியப் பேசும் சொந்தக்காரன். அவனுக்கு நேரம் குறித்துக் கொடுத்தால் எப்படி?

அரவிந்த்சாமி விட்டுப்போன பழைய சைக்கிள் கார்த்தியின் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்று தெரியவரும் இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதை நடக்கும் நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு யாருமில்லை. இருந்தும் துடைத்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒத்துக்கொள்ளாதது: இரண்டாம் பாதியில் கார்த்தி எல்லாவற்றுக்கும் விளக்கவுரை சொல்வது. அரவிந்த்சாமியின் முகமே போதும்.

லப்பர் பந்து படம் பற்றி முன்பு சொன்னதில் மாற்றமில்லை. அதில் அட்டகத்தி தினேஷ் நடித்த 'கெத்து'தான் அந்த ஆண்டு எனக்குப் பிடித்த பாத்திரம். கொட்டுக்காளி படம் எப்படி என்று கேட்டவர்களுக்கு: பின்னணி இசையே கிடையாது, முடிவையும் நம்மிடமே விட்டுவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் பார்க்காதீர்கள்.