பின்னங்கால் செயலிழந்த பூனைக்குக் காப்பகத்தில் நிரந்தர இடம் தரலாமா?

மதில்மேல்:
எங்கள் ஊர்ப் பூனைக் காப்பகத்தில் சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. எல்லாரும் வேலைக்குப் போய்வந்து கைகொடுப்பவர்கள். போன மாதம் வண்டியில் அடிபட்ட கடுவன் ஒன்று வந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சிறுநீர் தானாகப் போகாது. அதை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு கூண்டு அடைபட்டால் கருத்தடை அறுவை முடிந்த பூனைகளை வைத்துப் பார்க்க இடம் குறைகிறது. பெட்டைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், நான்கைந்து மாதக் குட்டியே சினைபிடித்துவிடும். வாசலில் அட்டைப்பெட்டியோடு குட்டிகளை வைத்துவிட்டு ஓடுகிறார்களே, அது குறைய வேண்டுமானால் பணமும் இடமும் கருத்தடைக்குத்தான் போக வேண்டும். கல்நெஞ்சன் என்று திட்டுவதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
திட்டவில்லை ஐயா. நீங்கள் அந்தக் கடுவனைப் பார்த்தது வந்த அன்று மட்டும்தான். இப்போது முன்னங்கால்களாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு தட்டுக்கு முதலில் வந்து சேர்வது அதுதான். பக்கத்துப் பூனையின் மத்தித் தலையையும் பிடுங்கிக்கொள்கிறது.

சிறுநீர் எடுப்பது பெரிய வித்தை அல்ல. ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு கையை அடிவயிற்றில் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்தால், எலுமிச்சை அளவில் சிறுநீர்ப்பை தட்டுப்படும். விரல் நுனியால் குத்தக் கூடாது. விரல்களைத் தட்டையாக வைத்து வால் பக்கமாகச் சீராக அழுத்த வேண்டும். முதலில் இரண்டு சொட்டு, பிறகு தாரை. தாரை நின்றதும் விட்டுவிடாமல் இன்னொரு முறை தடவிப் பார்க்க வேண்டும், உள்ளே தேங்கினால் கிருமி சேரும். பிறகு வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போகத் துவட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தொடைத்தோல் வெந்துவிடும். நாளுக்கு மூன்று வேளை, பழகிய கைக்கு ஐந்து நிமிடம்.

கணக்குநோட்டு:
பழகிய கை எத்தனை அம்மா? உங்களுடையது ஒன்றுதான். நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால்? ஒரு வேளை சோறு தவறினால் பூனை பசித்திருக்கும், அவ்வளவுதான். இது தவறினால் சிறுநீர்ப்பை புடைத்து வேதனைப்படும், அடிக்கடி தவறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கனாப்பில் 1984 முதல் இருக்கும் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகம், நியூ ஜெர்சியில் 2003 முதல் இருக்கும் டேபிஸ் பிளேஸ் பூனைக் காப்பகம் என்று காணொளிகளைப் பகிர்கிறார்கள். அங்கே சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவும் இரண்டு சாவியும். சர்க்கரை நோய்ப் பூனைக்கு இன்சுலின் போட வந்த இருவரில் ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டாவது ஊசியும் ஏறப் பார்த்ததே, மறந்துவிட்டதா?

மனசாட்சி:
உயிரைக் கணக்குப் பார்ப்பவர்கள் காப்பகமே நடத்தக் கூடாது!

கணக்குநோட்டு:
நீங்கள் எந்த வேளைக்கு வருகிறீர்கள்?

மதில்மேல்:
கடுவனோடு இது நிற்காது. எஃப்.ஐ.வி. என்ற, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ் தொற்றிய பூனை இரண்டு, தள்ளாடும் குட்டி ஒன்று, குருட்டுப் பூனை ஒன்று. எல்லாமே தத்துப்போகாத கணக்குத்தான்.

மருந்துச்சீட்டு:
நான் கால்நடை மருத்துவர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். தாய் சினையாக இருந்தபோது பேன்லுகோபீனியா வைரஸ் தாக்கியதால் குட்டியின் சிறுமூளை சரியாக வளர்ந்திருக்காது. தள்ளாட்டம் உண்டு, ஆனால் வலி இல்லை, வயதோடு முற்றுவதும் இல்லை. குருட்டுப் பூனைக்குத் தட்டையும் மணல் தொட்டியையும் இடம் மாற்றாமல் வைத்தாலே போதும். 1986இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழமான கடிக்காயத்தில்தான் பரவும். கருத்தடை செய்து, சண்டை போடாத கூட்டத்தில் விட்டால் அது பல ஆண்டுகள் வாழும். எச்சிலில் பரவும் லுகேமியா வைரஸ்தான் தனி அறை கேட்கிறது. இவற்றை எல்லாம் தத்துக் கொடுக்கலாம், முயற்சி எடுப்பதில்லை.

கடுவன் வேறு கதை. கடுவனுக்குச் சிறுநீர்த்தாரை குறுகலானது, பெட்டையைவிட அழுத்தி எடுப்பது கடினம். வலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்க, பின்னங்கால் விரலை இடுக்கியால் கிள்ளிப் பார்த்தீர்களா? கால் உள்ளிழுப்பது கணக்கில்லை, அது வலி தெரியாமலே அனிச்சையாக நடக்கும். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா?

இரவுப்பணி:
திரும்பவில்லை டாக்டர். இடுக்கி பட்டதே தெரியாததுபோல் மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

மருந்துச்சீட்டு:
அப்படியென்றால் கால் திரும்ப வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தின்கிறது, விளையாடுகிறது, புண் இல்லை என்றால் இன்றைக்குக் கருணைக்கொலை செய்ய நான் சொல்லமாட்டேன். ஆனால் சிறுநீர்த் தொற்று மறுபடி மறுபடி வந்தாலோ படுக்கைப்புண் பிடித்தாலோ என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

மதில்மேல்:
எழுதி வைத்தால் யார் மதிக்கிறார்கள்? நாளுக்கு நாள் பாசம் கூடும், கை வராது.

இரவுப்பணி:
பாசம் இல்லாதவர் யாரும் இரவு பத்து மணிக்குச் சிறுநீர் எடுக்க வரமாட்டார், ஐயா.

கணக்குநோட்டு:
வாதம் போதும். காலை, மதியம், இரவு என்று ஒரு பட்டியல் போடுகிறேன். வேளைக்கு இரண்டு பேர், இருவரும் கற்றிருக்க வேண்டும். பொங்கல் வாரமும் இதில் சேர்த்திதான்.

இரவுப்பணி:
இரவு எல்லா நாளும் நான். என் தம்பிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். போகியன்று காலையும் என்னுடையது.

மருந்துச்சீட்டு:
ஞாயிறு காலை வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறேன்.

மதில்மேல்:
பட்டியலைப் பார்த்தேன். காலைக்கு ஒரே பெயர், மதியம் முழுக்கக் காலி. மனசாட்சியின் பெயரைக் காணோம். மதியம் நிரம்பும்வரை என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும்.