ஸ்கோப் (வோல்ட்டைத் திரையில காட்டுற ஒசிலோஸ்கோப் கருவி) திரையில புள்ளி நகர்ந்ததைப் பார்த்தவங்க சொல்லுங்க

ஹட்டன் மாணவன்:
லேப்ல ஸ்கோப்போட ஸ்வீப்பை, அதாவது புள்ளி குறுக்கே ஓடுறதை, நிறுத்தி, பச்சைப் புள்ளியை நடுவுல வைச்சாச்சு. கட்டத்துக்கு 5 வோல்ட். சேர் ஒரு 9 வோல்ட் பற்றரியைத் தொட்டதும், புள்ளி டக்கென்று ரெண்டு கட்டத்துக்குக் கொஞ்சம் குறைய மேலே ஏறி நின்னுச்சு. பற்றரியைப் புரட்டினார், அதே அளவு கீழே. "குழாய்க்குள்ள எலக்ட்ரான் கற்றை ரெண்டு உலோகத் தட்டுக்கு நடுவுல வருது. நேர்த் தட்டு இழுக்குது, மறைத் தட்டு தள்ளுது. தட்டுக்கு நடுவுல போகும்போது மட்டுந்தான் வளையும், வெளிய வந்தா நேர்கோடு"ன்னார். கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரான் சொன்னபடி திரும்புது! இன்னும் அதே நினைப்புத்தான்.

பதுளை டீவி திருத்துறவன்:
தம்பி, அது ஸ்கோப்புக்குச் சரி. பழைய டீவியோட பிக்சர் டியூப்ல கற்றையை வளைக்கிறதுக்குத் தட்டே கிடையாது, டியூப் கழுத்துல மாட்டின யோக்குங்கிற கம்பிச்சுருளோட (கொயில்) காந்தப்புலந்தான். ஒரு லயத்து வீட்டுக்குப் போனேன். கிரிக்கெட் நேரம், வாசல் வரைக்கும் ஆள். திரையில குறுக்கே ஒரேயொரு வெள்ளைக் கோடு, வர்ணனை மட்டும் நல்லாக் கேட்குது. வெர்டிகல் சேர்க்கிட் செத்துப் போச்சு, கற்றையை மேலும் கீழும் இழுக்க ஒண்ணுமில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு ஒரு பாட்டி அசையாம உட்கார்ந்திருந்தாங்க.

பண்டாரவளை டீச்சர்:
அண்ணே, காரணத்தைச் சொல்லாம விட்டுட்டீங்களே. எலக்ட்ரானை வேகப்படுத்துற (முடுக்கும்) வோல்ட்டை இரண்டு மடங்காக்கினா தட்டால வர்ற விலகல் பாதியாயிடும், காந்தத்தால வர்றது ஏறக்குறைய 70 வீதம் மிஞ்சும். பழைய டியூப் கலர் டீவியில 25,000 வோல்ட் அளவுல பாயுற கற்றையைத் தட்டை வைச்சு மூலை வரைக்கும் இழுக்கக் கட்டாது. ஸ்கோப்புக்கு வேகம் வேணும், அங்கே கொயில் ஈடுகொடுக்காது.
என் வகுப்புல ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்படின்னா விஞ்ஞானி ஹேர்ட்ஸ் முன்னாடி கற்றையைத் தட்டுக்கு நடுவுல விட்டுப் பார்த்தப்போ ஏன் வளையலை, டீச்சர்?" குழாயில மிஞ்சின வாயு மின்னைக் கடத்தி, புலத்தை மறைச்சிடுச்சு. 1897இல் ஜே. ஜே. தொம்சன் வாயுவை இன்னும் நல்லா உறிஞ்சி எடுத்தார், கற்றை வளைஞ்சுது. அவள் கேட்ட கேள்வியாலதான் அந்தப் பாடத்தையே நான் வேற மாதிரி நடத்துறேன்.

நுவரெலியாக்காரன்:
எங்க ஊர்ப் பனிக்கு, பழைய டீவியைப் போட்டதும் அனோட் தொப்பி (டியூப்புக்கு உயர் வோல்ட் போற இடம்) பக்கம் ஸ்ஸ்னு சத்தம், இருட்டுல நீலப் பொறி. அவ்வளவுதான் என் கதை. ஆனா கேளுங்க: பிளக்கைக் கழற்றினாலும் டியூப்ல மின் தங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்காதீங்க. கழுத்துல தட்டிடாதீங்க, உள்ளே வெற்றிடம். ஹட்டன் தம்பி, புள்ளியை ஒரே இடத்துல பிரகாசமா நிறுத்தினா திரையில ஒளி விடுற பொஸ்பர் பூச்சு கருகிடும், வெளிச்சத்தைக் குறைங்க. பற்றரி வைக்கிறப்போ ஸ்கோப்போட உள்ளீட்டு சுவிட்ச் டீசீயில (DC) இருக்கணும். ஏசீயில (AC) இருந்தா புள்ளி துள்ளிட்டு நடுவுக்கே திரும்பிடும்.