டிகிரியைப் பாதியில் விடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். இரண்டு அரியர் இருக்கிறது. அப்பா மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போவது நான்தான், ஆனால் இப்போது ஒரு வேலை வாய்ப்பு வந்திருக்கிறது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிளஸ் டூ தகுதிக்கே 16,000 ரூபாய் சம்பளம், தங்க இடமும் தருகிறார்கள். கூடப் படித்தவன் அங்கே சேர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். எனக்கோ அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாய் மதியச் சாப்பாட்டுக்கும் ரெக்கார்டு நோட்டுக்குமே சரியாகிவிடுகிறது. லேபில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஒருவன் ரீடிங் எடுப்பான், மற்றவர்கள் பார்த்து எழுதுவோம். இதைக் கற்றுக்கொண்டு என்ன செய்வது என்று சில நாள் தோன்றும். ஆனால் ஒளியியல் வகுப்பு எனக்கு உண்மையிலேயே பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 2, பி.எட். என்றால் டிகிரி வேண்டும். அதனால்தான் குழப்பம்.

வேலைக்குப் போய்க்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பட்டம் முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஷிப்ட் வேலையோடு படிக்க முடிந்ததா? ஏற்கெனவே எழுதிப் பாஸான பேப்பர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்களா? "படிப்பை விடாதே" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.