மெத்தா தியானத்தில் கொழுந்தன் முகம் வந்தால் என்ன செய்வது?

கடலோரக்காரி:
எனக்கு மண்டபம் பக்கம், பாசி எடுக்கிற வேலை. விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். அதனாலோ என்னவோ, மகள் ராமநாதபுரத்தில் ஒரு தியான வகுப்புக்குக் கூட்டிப்போனபோது மூச்சைக் கவனிப்பது எளிதாக வந்தது. அடுத்து வந்த மெத்தாவில், அதாவது எல்லாரும் நலமாக இருக்க அன்போடு நினைக்கிற தியானத்தில்தான் சிக்கல். 'நான் நலமாக இருக்க வேண்டும்' என்று முதலில் நமக்கே நினைக்கச் சொன்னார்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகியவளுக்கு அது கூச்சமாக இருந்தது. அப்புறம் பிடிக்காதவரை நினைக்கச் சொன்னார்கள். உடனே கொழுந்தன் முகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் தவறியதும் வத்தைப் படகில் எங்கள் பங்குக்குக் கணக்கே காட்டாதவர் அவர். அவர் நலமாக இருக்கட்டும் என்று நான் சொன்னால் அது பொய். அன்பு வந்துவிட்டால் பங்கைக் கேட்கக் கூடாதோ?

தொண்டி வாத்தியார்:
அக்கா, உங்களை அவசரப்படுத்திவிட்டார்கள். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் விசுத்திமார்க்கம் என்ற பௌத்தத் தியான நூலை எழுதிய துறவி புத்தகோசர் (காஞ்சிபுரத்திலும் தங்கியவர், நமக்கு ரொம்ப அந்நியரில்லை) இதற்கு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் தான், பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கியவர், பழக்கமில்லாதவர், கடைசியில்தான் பகையாளி. இறந்தவரை வைத்துச் செய்யவே கூடாது என்கிறார். அதனால் வீட்டுக்காரர் நினைவையும் இதில் கொண்டுவர வேண்டாம்.

கூச்சத்துக்கு ஒரு கதை. கோசல மன்னர் பசேனதி, 'உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா?' என்று அரசி மல்லிகாவைக் கேட்டார். 'இல்லை' என்றார் அரசி. யோசித்தால் மன்னருக்கும் அப்படித்தான். அதைப் போய்ச் சொன்னபோது புத்தர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. எல்லாருக்கும் தன்மேல் அப்படித்தான் பிரியம், அதனால் யாரையும் துன்புறுத்தாதே என்றார். உங்கள் பசி என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால்தானே அடுத்தவர் பசி தெரியும்? முதலில் உங்கள் தட்டிலும் ஒரு மீன் துண்டு வையுங்கள்.

கீழக்கரை தம்பி:
பங்கைக் கேட்கலாம் அக்கா, தாராளமாக. புத்தர் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் தீகஜாணு என்ற இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்னது, வியர்வை சிந்தி நேர்மையாகச் சேர்த்ததைக் காத்துக்கொள் என்பது. யாரிடமிருந்து என்றால் அரசர், திருடர், நெருப்பு, வெள்ளம், வேண்டாத வாரிசு. கடைசி ஆளை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் கோபம் எதனாலும் தணியாவிட்டால் அந்த ஆளுக்கே ஒரு பொருள் கொடுத்துப் பார் என்றும் விசுத்திமார்க்கத்தில் இருக்கிறது.

கடலோரக்காரி:
என் பங்கையும் வைத்திருப்பார், நான் வேறு கொடுக்கணுமா? நல்லா இருக்கே!

தொண்டி வாத்தியார்:
தம்பி கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு படி உண்டு. அந்த ஆளிடம் ஒரே ஒரு நல்ல குணம் இருந்தாலும் அதை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படி ஏதாவது இருக்கிறதா?

கடலோரக்காரி:
கச்சான் காற்றில் வல்லம் கவிழ்ந்து இரண்டு பேர் தத்தளித்தபோது குதித்துத் தூக்கியவர் அவர்தான். ஊரே பார்த்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். சரி, அந்த ஒன்றை மட்டும் வைத்து உட்கார்ந்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படகு கரையில் இருக்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு கணக்குக் கேட்கவும் போகிறேன்.